சீரிஸ் போர்டோடு வந்தவருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

வணக்கம்.

சென்னையில் சாலிகிராமம், வடபழனி, கோடம்பாக்கம் வட்டாரத்தில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு எங்கள் ஸ்டுடியோவுக்குள் வெள்ளம் புகுந்த கதையைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. தண்ணீர் வடிந்துவிட்டது. கன்சோல், அதாவது மிக்ஸிங் மேசை, ஓடுகிறது. மானிட்டர் ஸ்பீக்கரில் மறுபடி சத்தம் கேட்ட சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. ஆனால் முதலில் ஒருவருக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவர் 'சார்' மட்டும்தான். பல ஸ்டுடியோக்களில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களிடம் வேலை பார்த்தவர் இல்லை, எங்களுக்கு எந்தக் கடமையும் பட்டவர் இல்லை. விஷயம் கேள்விப்பட்டு, ஒரு கையில் மரப்பலகை, இன்னொரு கையில் பை நிறைய குண்டு பல்பு என்று வந்து நின்றார். உள்ளே நுழைந்ததும் சொன்னது ஒன்றே ஒன்று: "யாரும் எந்த ஸ்விட்சையும் போட்டுப் பார்க்காதீங்க."

அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று ஈரமான சாதனத்தை ஆன் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளத் தண்ணீரில் உப்பு, சேறு, சாக்கடை எல்லாம் இருக்கும். மின்சாரம் இல்லாதவரை சாதனத்துக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில் அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். பவர் கொடுத்த அடுத்த கணம் டிசி மின்சாரம் அந்த அழுக்கு வழியாகவே ஓடி, செம்புக் கோடுகளைப் பச்சை பூத்து அரித்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைப்பதும் தப்பு. மெமரிக்காக உள்ளே வைத்திருக்கும் காயின் செல், பழைய கன்சோல்களில் இருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி, இரண்டும் பிளக் இல்லாமலே போர்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். சார் முதலில் கழற்றச் சொன்னது அவற்றைத்தான். அதற்கு முன்னால் ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை எழுதிக் கட்டச் சொன்னார்.

கழுவுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் நல்ல தண்ணீரும் மெல்லிய பிரஷும், சேறு போகும்வரை. அடுத்து டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு ஊற்ற விற்கிற கேன் தண்ணீரே போதும். கடைசியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதம் உதவாது, மீதி 30 தண்ணீர்தான். ஆல்கஹால் ஊற்றும் அறையில் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், தீப்பொறி கூடாது, ஹீட் கன் கூடவே கூடாது. பிறகு ஃபேன் காற்றில் பொறுமையாக உலர விட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரும் ரிலேயும் ஈரத்தைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கும். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. மெயின்ஸ் பக்கத்துக்கும் பாடிக்கும் நடுவே இன்சுலேஷன் அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்து, 1 மெகா ஓம்முக்குக் கீழே காட்டினால் திரும்பவும் காயப் போட வேண்டியதுதான்.

கண்டென்சர் மைக்குகளை யாரும் கழுவ சார் விடவில்லை. கேப்சூலில் இருக்கும் மெல்லிய சவ்வு, அதாவது டயஃப்ரம், எளிதில் கெட்டுவிடும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி, சர்வீசுக்கு அனுப்பச் சொன்னார். நனைந்த ஹார்டு டிஸ்க்கை உலர்த்தவே கூடாது என்பது பலருக்குப் புதிதாக இருந்தது. சேறு தகட்டின் மேல் காய்ந்து ஒட்டிக்கொண்டால் மீட்பது கஷ்டம். ஈரத்தோடு பையில் இறுக்கிக் கட்டி, டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் அப்படியே கொடுத்துவிட வேண்டும். சத்தத்தை உறிஞ்சச் சுவரில் வைத்திருந்த ராக்வுல் பேனல்களைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். பூஞ்சை பிடித்த பிறகு அது மூச்சுக்குக் கேடு.

இனி அந்த மரப்பலகை. ஒரு பல்பு ஹோல்டர், ஒரு பிளக் பாயின்ட், ஒரு ஸ்விட்ச். ஃபேஸ் கம்பி பல்பு வழியாகப் போய்த்தான் பிளக் பாயின்ட்டைத் தொடும். இதுதான் சீரிஸ் போர்டு. அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக் எல்லோரிடமும் இருந்தது, இன்று பெரும்பாலான ஸ்டுடியோக்களில் இல்லை. 100 வாட்ஸ் பல்பு போட்டால், உள்ளே முழு ஷார்ட்டே இருந்தாலும் அரை ஆம்பியருக்குக் குறைவாகத்தான் மின்சாரம் போகும். சாதனத்தின் சர்க்யூட் போர்டு கருகாது. ப்ரீ-ஆம்ப் மாதிரி சின்னச் சாதனத்துக்கு 60 வாட்ஸ், பெரிய பவர் ஆம்ப்ளிஃபையருக்கு 200. எல்இடி பல்பு இதற்கு ஆகாது, இழை பல்புதான் வேண்டும். அதைத் தேடிப் பிடிப்பதே இப்போது வேலையாக இருக்கிறது. சார் பை நிறையக் கொண்டுவந்ததன் அருமை அதில் இருக்கிறது.

பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஏறிவிட்டன, நல்ல சேதி. பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் ரெக்டிஃபையர் டயோடோ கெப்பாசிட்டரோ டிரான்ஸ்ஃபார்மர் சுற்றோ ஷார்ட். எரியவே இல்லையென்றால் முதலில் ஃப்யூஸைப் பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் எனும் ஸ்விட்சிங் பவர் சப்ளை உள்ள சாதனமாக இருந்தால் பல்பு விட்டு விட்டு எரியலாம். வோல்டேஜ் போதாமல் அது எழும்பி எழும்பி விழுகிறது, அதை வைத்துப் பழுது என்று சொல்லிவிட முடியாது. இன்னொன்றையும் சார் திரும்பத் திரும்பச் சொன்னார். இந்தப் பலகை மின்சாரத்தை அளவோடு விடும், ஷாக்கிலிருந்து காப்பாற்றாது. பல்பு அணைந்திருந்தாலும் உள்ளே ஃபேஸ் இருக்கிறது, கை வைக்கக் கூடாது.

ஒவ்வொரு சாதனத்தையும் அவரே போட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம், வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. அசிஸ்டென்ட் பையன்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஸ்விட்சைப் போட்டுவிட்டு, "என்னப்பா சொல்லுது பல்பு?" என்று கேட்டார். அவர்கள் வாய் திறக்கும்வரை தான் பேசவில்லை. ஒரு தம்பி "ஷார்ட் சார்" என்றான். "எங்கே?" என்றார். பவர் சப்ளையை சர்க்யூட் போர்டிலிருந்து பிரித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார். பல்பு மங்கியது. அப்படியானால் சப்ளை நன்றாக இருக்கிறது, கோளாறு சர்க்யூட் போர்டில். சப்ளையைத் தனியாக ஓட்டி, பிளஸ் 18, மைனஸ் 18, மைக்குக்குப் போகும் பேன்டம் 48 வோல்ட் மூன்றையும் மீட்டரில் பார்த்த பிறகுதான் சேனல் கார்டுகளை ஒவ்வொன்றாகச் சொருக விட்டார். பல வருடம் மிக்ஸிங் பார்த்தவர்களே இதை அருகில் நின்று பார்த்தது அன்றுதான். கிளம்பும்போது பலகையை எடுத்துப் போகவில்லை. "இங்கேயே இருக்கட்டும்" என்றார், அவ்வளவுதான். பணம் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

இந்தத் தொழிலில் பெயர் கிடைப்பவர்களை நாடு அறியும். எச். ஸ்ரீதரின் தேசிய விருதுகளை நாம் கொண்டாடினோம். 2009-இல் ரசூல் பூக்குட்டி ஆஸ்கர் வாங்கியபோது நம் வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது. ஆனால் சாதனங்களை அடுக்கிய ராக்குக்குப் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவர்களின் பெயர் டைட்டில் கார்டில் வருவதில்லை. அது சரியில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

தரமணி திரைப்படக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தாலும், தனியார் பயிற்சியில் படித்துவிட்டு வந்தாலும், முதல் வேலை யார் மூலமாவதுதான் கிடைக்கும். இரண்டாவது முறை கூப்பிட வைப்பது சின்னச் சின்ன விஷயங்கள். மைக் கேபிளின் எக்ஸ்எல்ஆர் பின்களில் 1 கிரவுண்டு, 2 ஹாட் (hot), 3 கோல்ட் (cold) என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வது. கேபிளை முழங்கையில் முறுக்காமல், ஒரு சுற்று மேல் ஒரு சுற்று கீழ் என்று சுருட்டுவது. பழுதான கேபிளில் அப்போதே முடிச்சுப் போட்டுத் தனியே வைப்பது. நல்லதோடு கலந்து வைப்பவனை அடுத்த ஷோவுக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். செஷன் ஃபோல்டரில் 'ஆடியோ_01' என்று விடாமல் என்ன வாத்தியம், எந்த டேக் என்று எழுதிவைப்பது. இரவல் வாங்கியதைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பது. வேலை இல்லாத மாதங்களிலும் இதையெல்லாம் விடாமல் செய்தவர்கள்தான் இப்போது எங்களுக்காக ஓடி வந்தார்கள்.

அவர்கள் எல்லோருக்கும் ஒன்றாக இங்கே கைகூப்புகிறோம். டெபாசிட் கேட்காமல் மானிட்டரும் மிக்ஸரும் இறக்கிவிட்டுப் போன வாடகை சவுண்ட் நண்பர்கள். போட்டி என்று பாராமல் ராத்திரி கால்ஷீட்டைக் கொடுத்த பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள். டெலிவரியைத் தள்ளிவைத்த தயாரிப்புக் குழுக்கள். ரிச்சி தெருவில் கணக்கு எழுதிக்கொண்டு ஆல்கஹாலும் கெப்பாசிட்டரும் கொடுத்த கடைக்காரர்கள். எங்களிடம் வேலை கற்று வெளியூர் போன தம்பிகள், சேறு அள்ளவே பஸ் ஏறி வந்தவர்கள். பெயர் பெயராகச் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவோம்.

சில உறுதிகளை எல்லோர் முன்னிலையிலும் வைக்கிறோம். இனி எங்களிடம் நடக்கும் எல்லா வேலையிலும் மெயின்டனன்ஸ் பார்த்தவர் பெயரை கிரெடிட்டுக்கு எழுதி அனுப்புவோம். அசிஸ்டென்ட்டுகளுக்குப் பேட்டாவை அன்றன்றே கொடுப்போம். ராக்குகளும் மெயின்ஸ் போர்டும் தரையிலிருந்து 3 அடிக்கு மேல்தான். மாதம் ஒரு சனிக்கிழமை, எந்த ஸ்டுடியோவின் அசிஸ்டென்ட்டாக இருந்தாலும் வந்து சீரிஸ் போர்டும் மீட்டரும் சால்டரிங்கும் பழகலாம். கட்டணம் இல்லை. சார் முதல் சனிக்கிழமைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பலகை யாருக்கு வேண்டுமானாலும் இரவல் கிடைக்கும், பல்பை மட்டும் கையோடு கொண்டுவாருங்கள்.

இரவல் வந்த சாதனங்களைச் சோதித்து, கேபிள்கள் உள்ளே அறுந்திருக்கின்றனவா என்று கன்டினியூட்டி பார்த்து, அவரவர் பெயர் எழுதிக் கட்டி வைத்திருக்கிறோம். இந்த வாரத்துக்குள் வீடு தேடி வந்துவிடும். உங்கள் மூட்டையில் ஏதாவது குறைந்தாலோ, வேறு யாருடைய ஸ்டாண்டாவது கலந்து வந்தாலோ, தயங்காமல் ஒரு போன் செய்யுங்கள்.