'குவாட்ரஃபோனிக் இசைத்தட்டுகளுக்கு ஏற்றது' என்று அச்சிட்டு விற்கப்பட்ட கார்ட்ரிட்ஜ் குறித்த புகார்

பெறுநர்:
தலைமை அதிகாரி,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: சிடி-4 இசைத்தட்டுகளை வாசிக்க இயலாத கார்ட்ரிட்ஜை குவாட்ரஃபோனிக் (நான்கு சேனல்) கார்ட்ரிட்ஜ் என்று விற்றது, பணத்தைத் திருப்பித் தர மறுத்தது, இசைத்தட்டுக்குச் சேதம் விளைவிக்கும் ஆலோசனை வழங்கியது.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் குறைந்த விலை வரிசையில் வந்துள்ள, ஷிபாட்டா வடிவ ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜை (இசைத்தட்டின் பள்ளத்தை ஊசியால் படித்து மின்குறிப்பாக மாற்றும் சிறு கருவி) அண்மையில் வாங்கினேன். பெட்டியின் முகப்பில் 'குவாட்ரஃபோனிக் இசைத்தட்டுகளுக்கு ஏற்றது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன். என்னிடம் இருக்கும், நான்கு சேனல் முறைகளில் ஒன்றான சிடி-4 இசைத்தட்டுகளில் ஒன்றைக்கூட இதனால் ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. ஏதோ ஒரு பெட்டியில் மட்டும் நேர்ந்த உற்பத்திக் குறை இது என்றால் மாற்றித் தரச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். குறை வடிவமைப்பிலேயே இருக்கிறது. தாங்கள் உள்ளே வைத்திருக்கும் கையேட்டின் எண்களே அதைச் சொல்கின்றன.

என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்டு ஓடத் தொடங்கியதும் டீமாடுலேட்டரில் (சிடி-4 தட்டின் நான்கு சேனல்களையும் பிரித்துத் தரும் கருவி) ஊர்தி அலை, அதாவது சேனல்களைப் பிரிக்கத் தேவையான செய்தியைச் சுமந்து வரும் அலை, கிடைத்துவிட்டதைக் காட்டும் விளக்கு மினுக்மினுக்கென்று எரிந்து அணைகிறது. முன் ஒலிபெருக்கிகளில் கேட்பதே பின் ஒலிபெருக்கிகளிலும் கேட்கிறது. பித்தளைக் கருவிகள் ஓங்கி ஒலிக்கும் இடங்களிலும் குரல் உச்சத்துக்குப் போகும் இடங்களிலும் உப்புத்தாளைத் தேய்ப்பது போன்ற இரைச்சல் கிளம்புகிறது. தட்டின் வெளி ஓரத்தில் ஓரளவு தாங்கும் ஒலி, உள்வட்டத்தை நெருங்கும்போது முற்றிலும் குலைந்துவிடுகிறது.

தங்கள் உதவிப் பிரிவில் முதலில் பேசியவர் சிடி-4 என்றதும் குறுந்தகடு என்று எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நான்கு சேனல் இசைக்கு என்று ஒரு பொருளை விற்கும் நிறுவனம், அதைப் பற்றிக் கேள்வி வரும்போது பதில் சொல்ல ஒருவரையாவது பழக்கியிருக்க வேண்டும். ஆகவே அடிப்படையிலிருந்தே எழுதுகிறேன்.

நான்கு சேனல் வினைல் என்பது ஒரே முறையில் பதிவானதல்ல. சி.பி.எஸ். நிறுவனத்தின் எஸ்.க்யூ., சன்சூயியின் க்யூ.எஸ். ஆகியவை மேட்ரிக்ஸ் முறைகள். நான்கு சேனல்களையும் அலைகளின் கட்ட (phase) வேறுபாடுகளோடு இரண்டு சேனல்களுக்குள் மடித்து வைப்பவை அவை. பள்ளத்தில் இருப்பது வழக்கமான கேட்கும் அதிர்வெண்கள் மட்டுமே. இடமும் வலமும் சமமாகவும் தெளிவாகப் பிரிந்தும் வந்தால் எந்த நல்ல ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜும் அவற்றுக்குப் போதும். தங்கள் கார்ட்ரிட்ஜும் என் எஸ்.க்யூ. தட்டுகளை நன்றாகவே வாசிக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

ஜப்பானின் ஜே.வி.சி. உருவாக்கி, அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. 'குவாட்ராடிஸ்க்' என்ற பெயரில் வெளியிட்ட சிடி-4 அப்படிப்பட்டதல்ல. அதில் பள்ளத்தின் ஒவ்வொரு சுவரிலும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. இடது சுவரின் கேட்கும் பகுதியில் இடது முன்னும் இடது பின்னும் கூட்டிய ஒலி இருக்கும். அவற்றின் வேறுபாடு, 30 கிலோ ஹெர்ட்ஸ் ஊர்தி அலையின் மேல் பண்பேற்றப்பட்டு (அதன் மேல் ஏற்றி அனுப்பப்பட்டு), காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். வலது சுவரிலும் இதே ஏற்பாடுதான். டீமாடுலேட்டர் இரண்டையும் கூட்டினால் முன் சேனல் கிடைக்கிறது, கழித்தால் பின் சேனல் கிடைக்கிறது. வேறுபாட்டைச் சுமக்கும் அலை வந்து சேரவில்லை என்றால் கூட்டவும் ஒன்றுமில்லை, கழிக்கவும் ஒன்றுமில்லை. எனக்கு முன்னும் பின்னும் ஒன்றாகவே கேட்பதற்குக் காரணம் இதுதான். ஊர்தி அலையும், பண்பேற்றத்தால் அதன் இருபுறமும் உருவாகும் பக்க அலைகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ ஹெர்ட்ஸ் வரை விரிகின்றன. அதுவரை எட்டாத கார்ட்ரிட்ஜுக்கு சிடி-4 இசைத்தட்டு சாதாரண ஸ்டீரியோ தட்டுதான்.

ஷிபாட்டா ஊசி பிறந்ததே இதற்காகத்தான். ஜே.வி.சி.யின் நோரியோ ஷிபாட்டா அந்த வடிவத்தை உருவாக்கியது சிடி-4 தட்டுகளை வாசிப்பதற்கு. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டில் வெளிவட்டப் பள்ளம் நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. வேகத்தில் ஊசியைக் கடக்கிறது, உள்வட்டத்திலோ 21 செ.மீ. அளவுதான். ஆகவே 30 கிலோ ஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெளியே 17 மைக்ரோ மீட்டர், உள்ளே வெறும் 7 மைக்ரோ மீட்டர். சாதாரணக் கூம்பு ஊசியின் முனை ஆரமே 15 முதல் 18 மைக்ரோ மீட்டர் இருக்கும்போது அவ்வளவு நெருக்கமான நெளிவுகளுக்குள் அது எப்படி இறங்கும்? ஷிபாட்டா ஊசி நெளிவின் திசையில் மெலிந்தும், சுவரின் உயரவாக்கில் நீண்ட கோடாகத் தொட்டும் ஓடுவதால் அந்த நெளிவுகளைப் படிக்கிறது, சுவரின் மீதான அழுத்தமும் குறைகிறது. இந்த ஊசியைக் குறைந்த விலையில் கொடுத்ததற்காகத் தங்களைப் பாராட்டவே செய்வேன்.

ஆனால் ஊசி படித்ததைக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் வெளியே விட வேண்டும். விடவில்லை.

பெட்டிக்குள் இருக்கும் கையேடு 20 முதல் 22,000 ஹெர்ட்ஸ் என்கிறது. ஊர்தி அலையின் நடுப்புள்ளியே 30,000. இந்த ஒரு வரியே முகப்பில் உள்ள வாசகத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. காரணத்தையும் கேட்டறிந்தேன். கையேட்டில் இல்லாத, சுருளின் மின்தூண்டல் எண்ணை (inductance) பலமுறை எழுதிக் கேட்ட பிறகு தங்கள் பொறியாளர் ஒருவர் தெரிவித்தார்: 500 மில்லி ஹென்றி. காந்தம் அசையும் வகைக் கார்ட்ரிட்ஜின் (ஊசியோடு காந்தம் அசையும், சுருள் அசையாது; தங்களுடையது இவ்வகை) சுருளும், கார்ட்ரிட்ஜைத் தாங்கும் டோன் ஆர்மின் கம்பி, இணைப்புக் கேபிள், பெருக்கியின் உள்வாயில் ஆகியவற்றின் மின்தேக்குத்திறனும் (capacitance) சேர்ந்து ஓர் ஒத்ததிர்வுச் (resonance) சுற்றாகின்றன. அந்த ஒத்ததிர்வுப் புள்ளிக்கு மேலே ஒலி விரைவாகச் சரியும். 500 மில்லி ஹென்றியோடு வழக்கமான 200 பிகோ ஃபாரட் சேர்ந்தால் புள்ளி 16 கிலோ ஹெர்ட்ஸில் விழுகிறது. மெனக்கெட்டுக் குட்டையான, மின்தேக்குத்திறன் குறைந்த கேபிள் போட்டு மொத்தத்தை 100 பிகோ ஃபாரடுக்குக் கொண்டுவந்தாலும் 22.5 கிலோ ஹெர்ட்ஸ்தான். கேபிளை மாற்றச் சொன்னது தங்கள் உதவிப் பிரிவு. மாற்றினேன், விளக்கு சற்று அதிக நேரம் எரிந்தது, பின் சேனல்கள் பிரியவில்லை. இந்தக் கணக்கைப் பார்த்தால் பிரியாது என்பது விளங்கும்.

என்னை அதிகம் வருத்துவது இதற்கு அடுத்த கணக்கு. சுருளின் சுற்றுகளைப் பாதியாக்கினால் மின்தூண்டல் எண் நான்கில் ஒன்றாகும், அதாவது 125 மில்லி ஹென்றி. அதே 100 பிகோ ஃபாரடுடன் ஒத்ததிர்வுப் புள்ளி சரியாக 45 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். வெளியீட்டு மின்னழுத்தம் 4 மில்லி வோல்ட்டிலிருந்து 2 ஆகக் குறையும், பெருக்கியில் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் தீர்ந்தது. ஊசியைத் தாங்கும் தண்டின் எடையும் முனையின் நிறையும் உயர் அதிர்வெண்களைக் கட்டுப்படுத்தும் என்பது தெரியும். தங்கள் தண்டு போதிய அளவு இலேசானது என்று கையேடு பெருமை பேசுகிறது. ஒரு கார்ட்ரிட்ஜில் செலவு பிடிப்பது வைரத்தைச் செதுக்குவது. அந்தச் செலவைத் தாங்கள் செய்துவிட்டீர்கள். செம்புக் கம்பியை எத்தனை சுற்று சுற்றுவது என்ற முடிவில் கைவிட்டுவிட்டீர்கள். குறைந்த விலையில் உண்மையான ஒரு சிடி-4 கார்ட்ரிட்ஜ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

குறைந்த விலை என்பதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கம்பிச்சுருள் அசையும் வகையில், குறைந்த வெளியீடு கொண்டவற்றின் மின்தூண்டல் எண் மைக்ரோ ஹென்றி அளவில்தான் இருக்கும், கேபிளைப் பற்றிக் கவலையே இல்லை. ஆனால் அவற்றுக்குத் தனியாக முன்பெருக்கியோ மின்மாற்றியோ வேண்டும், அந்த மின்மாற்றியும் 45 கிலோ ஹெர்ட்ஸைக் கடத்த வேண்டும். ஊசி தேய்ந்தால் வீட்டிலேயே கழற்றி மாற்றவும் முடியாது. 1970களில் வந்த அசல் சிடி-4 கார்ட்ரிட்ஜ்கள் பழைய பொருளாகக் கிடைக்கின்றன, தண்டைத் தாங்கும் ரப்பர் இறுகிப் போயிருக்கிறதா என்பது வாங்கி மாட்டிய பிறகே தெரியும். ஆகவே கையில் அளவாகப் பணம் வைத்திருப்பவருக்குப் பொருத்தமான வழி, ஊசி மாற்றக்கூடிய, மின்தூண்டல் எண் குறைந்த, காந்தம் அசையும் கார்ட்ரிட்ஜ்தான். தங்கள் பெட்டி அந்த இடத்தில் வந்து நிற்கிறது, தன்னால் செய்ய முடியாததைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு.

பணத்தைத் திருப்பிக் கேட்ட என் கோரிக்கையைத் தங்கள் பதில் கடிதம் மூன்று காரணங்களைச் சொல்லித் தள்ளியது. முதலாவது, டீமாடுலேட்டர் பழையது என்பது. அதே டீமாடுலேட்டரில், அதே தட்டை, நண்பர் ஒருவரின் மின்தூண்டல் எண் குறைந்த கார்ட்ரிட்ஜை மாட்டி வாசித்தோம். விளக்கு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அசையாமல் எரிந்தது, நான்கு சேனல்களும் தனித்தனியாகப் பிரிந்தன. தட்டு தேய்ந்திருக்கலாம் என்ற இரண்டாவது காரணத்துக்கும் அதுவே பதில். மூன்றாவது காரணம், 'குவாட்ரஃபோனிக் என்று நாங்கள் குறிப்பிட்டது மேட்ரிக்ஸ் தட்டுகளை' என்பது. மேட்ரிக்ஸ் தட்டை எல்லா ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜும் வாசிக்கும்போது, ஷிபாட்டா ஊசியின் படத்துக்குக் கீழே அந்த வாசகத்தைப் போட வேண்டிய தேவை என்ன? படிப்பவர் எவரும் அதை சிடி-4 என்றே புரிந்துகொள்வார். அப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் அது அங்கே இருக்கிறது.

கடிதத்தின் முடிவில், ஊசி தட்டை அழுத்தும் எடையை 3 கிராமுக்கு உயர்த்திப் பார்க்கும்படி ஒரு யோசனையும் இருந்தது. இதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. தங்கள் கையேடு அனுமதிப்பது 1.8 முதல் 2.2 கிராம் வரை. ஊர்தி அலையின் நெளிவுகள் பள்ளத்தில் உள்ளவற்றிலேயே மிக நுண்ணியவை, அளவுக்கு மீறிய எடை முதலில் அழிப்பதும் அவற்றைத்தான். அழிந்த பின்னும் தட்டு ஸ்டீரியோவாகப் பாடிக்கொண்டிருக்கும், அதனால் உரிமையாளருக்கு இழப்பு உடனே தெரியாது. சிடி-4 தட்டுகள் பெரும்பாலும் 1970களில் அச்சானவை, போனால் அதே நிலையில் இன்னொன்று கிடைப்பது அரிது. சுருளில் உள்ள குறையை எடையைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது என்பது தங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. இந்த யோசனையைப் பின்பற்றித் தம் சேகரிப்பைப் பறிகொடுத்தவர்கள் இருந்தால் அவர்களுக்குத் தாங்கள் பொறுப்பு.

பணத்தைத் திருப்பித் தர மறுத்ததற்குச் சொன்ன விதியும் நியாயமற்றது. முத்திரை பிரிக்கப்பட்ட கார்ட்ரிட்ஜைத் திரும்பப் பெற மாட்டீர்களாம். 22,000 ஹெர்ட்ஸ் என்ற எண் முத்திரைக்கு உள்ளே இருக்கும் கையேட்டில்தான் அச்சாகியிருக்கிறது. பிரிக்காமல் அதைத் தெரிந்துகொள்ள முடியாது, பிரித்துவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. மின்தூண்டல் எண்ணோ பெட்டியின் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

எனவே முழுத் தொகையையும் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மாற்றுப் பொருளோ தள்ளுபடிச் சீட்டோ எனக்கு வேண்டாம். இதே வாசகத்தை நம்பி வாங்கிய மற்றவர்களிடமிருந்தும், முத்திரை பிரிந்திருந்தாலும், திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெட்டியில் 'எஸ்.க்யூ., க்யூ.எஸ். தட்டுகளுக்கு மட்டும், சிடி-4 தட்டுகளுக்கு அல்ல' என்று முகப்பிலேயே அச்சிட வேண்டும். மின்தூண்டல் எண், அதிர்வெண் எல்லை, பரிந்துரைக்கும் மின்தடை, மின்தேக்குத்திறன் ஆகிய நான்கையும் வெளிப்புறத்தில் தர வேண்டும். சிடி-4 கார்ட்ரிட்ஜ்களுக்கு வழக்கமான 47 கிலோ ஓமுக்குப் பதிலாக 100 கிலோ ஓம் சுமை (பெருக்கியின் உள்வாயில் மின்தடை) தேவைப்படுவது இயல்பு, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது வாங்குபவரை இருட்டில் விடுவதாகும். 3 கிராம் யோசனையை உடனே நிறுத்தி, அதைப் பெற்ற எல்லோருக்கும் திருத்தம் அனுப்ப வேண்டும்.

வாங்கிய ரசீது, கையேட்டின் நகல், பொறியாளரின் மின்னஞ்சல், எடையைக் கூட்டச் சொன்ன கடிதம் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். இரு கார்ட்ரிட்ஜ்களையும் வைத்து ஒரே தட்டிலிருந்து நான்கு சேனல்களிலும் எடுத்த பதிவுகளையும் அனுப்பியுள்ளேன். தங்கள் பொறியாளர்கள் அவற்றைக் கேட்டுப் பார்க்கட்டும். கார்ட்ரிட்ஜ் பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது, எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிவித்தால் அனுப்பிவைக்கிறேன். முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில் வராவிட்டால் இதே ஆவணங்களுடன் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: மேலே குறிப்பிட்ட ஆவணங்களும் ஒலிப்பதிவுகளும்