செயலாளர் ஆண்டறிக்கை 2023–24: பரண் இறக்கமும் பொருள் பகிர்வும்

தலைவர் அவர்களுக்கும், நம் குடியிருப்போர் சங்க உறுப்பினர்களுக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, கொசு மருந்து, பூங்கா வேலி ஆகியவை குறித்து எழுதிய கடிதங்கள் கோப்பில் உள்ளன. வேண்டுவோர் கூட்டம் முடிந்ததும் பார்க்கலாம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை வேளச்சேரியை மூழ்கடித்த பின் நம் தெருக்கள் சேர்ந்து செய்த வேலையைப் பற்றியே இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

தண்ணீர் வடிந்ததும் ஒன்று தெரிந்தது. தரைத்தள வீடுகள் இழந்த பாத்திரம், போர்வை, ஸ்டவ், பள்ளிப் பை எல்லாமே மாடி வீடுகளின் பரணில் ஆண்டுக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் “பழையதைக் கொண்டுவந்து கொட்டுங்கள்” என்று அறிவிக்க வேண்டாமென்று செயற்குழு முடிவெடுத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணி மலையாகக் குவிந்து, யாரும் எடுக்காமல் மண்ணில் மட்கியதை இங்கே பலர் மறக்கவில்லை. வாங்குபவரைக் கேட்காமல் கொடுத்தால் நம் வீட்டுக் குப்பை அவர் வீட்டு வாசலுக்குப் போகும், அவ்வளவுதான்.

ஆகவே வேலையைத் தலைகீழாகத் தொடங்கினோம். முதலில் தேவைப் பட்டியல், அதன் பிறகே பரண். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் கூச்சப்படுபவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால், மகளிர் அணியினர் இருவர் இருவராக வீட்டுக்கே போய்க் கேட்டார்கள். “ஸ்டவ்” என்று மட்டும் எழுதாமல் எத்தனை பர்னர், “சீருடை” என்று மட்டும் எழுதாமல் எந்த வகுப்பு, என்ன உயரம் என்று குறித்தார்கள். பட்டியலில் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருந்தது. எந்தப் பொருள் யார் வீட்டுக்குப் போயிற்று என்பது கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு மட்டுமே தெரியும். இந்த முறையை இனியும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பரண் இறக்குவதில் கற்றது: முழு வீட்டையும் ஒரே நாளில் கலைத்தவர்கள் பாதியில் களைத்து, எல்லாவற்றையும் திரும்ப மேலே ஏற்றினார்கள். ஒரு பரண், இரண்டு மணி நேரம், ஏணியைப் பிடிக்க ஓர் ஆள், மூக்கில் துணி என்று வைத்துக்கொண்டவர்களே முடித்தார்கள். இறங்கும் பொருள் மூன்றில் ஒன்றில் சேர வேண்டும்: கொடுக்க, பழுது பார்க்க, காயலான் கடைக்கு. “பிறகு பார்க்கலாம்” என்று நான்காவது குவியல் போட்ட வீடுகளில் அதுவே பெரிதாகி அடுத்த பரணுக்குப் போனது.

துணியில்தான் அதிகம் தவறினோம். ஈரம் முழுதும் போகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டிய துணியில் இரண்டு மூன்று நாளில் கரும்பூஞ்சைப் புள்ளி விழும்; எத்தனை துவைத்தாலும் போகாது. சாக்கில் அல்லது பழைய வேட்டியில் மூட்டை கட்டினால் காற்று புகும். அந்துருண்டை வாசனை உள்ளதை நிழலில் இரண்டு நாள் உலர்த்திக் கொடுங்கள், அந்த நெடி குழந்தைகளுக்கு ஆகாது. பொத்தான், நாடா, ஜிப் மூன்றையும் சரிபார்த்து, துவைத்து, மடித்துக் கொடுத்ததையே வாங்கினோம். உள்ளாடை வாங்கவில்லை, அது புதிதாகத்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். நைந்த பருத்திப் புடவை வீணில்லை. கூஞ்ச் போன்ற தொண்டு அமைப்புகள் அதைச் சுத்தம் செய்து மாதவிடாய் அணையாடையாகத் தைக்கின்றன.

குக்கர் கொடுப்பவர்கள் கேஸ்கெட்டையும் சேஃப்டி வால்வையும் புதிதாக மாற்றி, வெயிட் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். பார்த்தாலே தெரியாத பழுது இது. ஸ்டவ்வோடு பழைய ரப்பர் குழாயைச் சேர்க்கக் கூடாது. ஐந்தாண்டு ஆனதும் மாற்ற வேண்டிய பொருள் அது. ரெகுலேட்டர் இணைப்புதாரர் பெயரில் உள்ளது, கைமாற்ற முடியாது.

வெள்ளத்தில் முங்கிய மிக்சி, கிரைண்டர், மோட்டார் எதையும் “ஓடுகிறதா பார்ப்போம்” என்று பிளக்கில் செருகாதீர்கள். காயிலுக்குள் சேறு தங்கியிருந்தால் மின்சாரம் அதன் வெளிக்கூட்டுக்கு வந்துவிடும், தொட்டால் ஷாக் அடிக்கும். நன்றாகக் காயவைத்து, மின்கசிவு உண்டா என்று காட்டும் மெகர் கருவியை எலக்ட்ரீஷியன் வைத்துச் சோதித்த பின்பே கொடுத்தோம். மின்காப்பு ஒரு மெகாஓமுக்குக் குறைந்ததைக் கழித்தோம். தண்ணீர் குடித்த மெத்தையும், உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டு அலமாரியும் பழுது பார்க்க முடியாதவை. மிச்ச மருந்துகளை வாங்க மறுத்தோம். சிலருக்கு வருத்தம், ஆனாலும் அதில் விட்டுக்கொடுக்க இயலாது.

கழித்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டால் என்ன என்று கேட்டார்கள். நம் குப்பை நெடுங்காலமாகப் போய்ச் சேர்ந்த பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல்தான் எழுந்தது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்புநிலத்துக்குத்தான் வேளச்சேரி மழைநீர் வடிய வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு. அதாவது, நாம் வீசிய மெத்தை நம் தண்ணீர் போகும் வழியை அடைக்கிறது. டிவி, பேட்டரி, குழல்விளக்கு ஆகியவற்றை மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் தனியே ஒப்படைத்தோம். போகியன்று எதையும் கொளுத்தவில்லை. மாநகராட்சி முன்கூட்டியே வாங்கிக்கொண்ட பழைய துணி, டயரோடு நம்முடையதும் போயிற்று.

பூங்கா வாசலில் வைத்த திறந்த அலமாரி தோல்வி. வேண்டாததை வைத்துவிட்டுப் போக, தேவைப்படுபவர் எடுத்துக்கொள்ள என்று திருநெல்வேலியில் மாவட்ட நிர்வாகம் திறந்த ‘அன்புச் சுவர்’ போல நாமும் செய்யலாம் என்று எண்ணினோம். கவனிக்க ஆளில்லாததால் ஒரே வாரத்தில் ஒற்றைச் செருப்பும் உடைந்த வாளியும் சேர்ந்தன, மழைச்சாரல் மீதியைக் கெடுத்தது. இப்போது அது சங்க அறைக்குள் உள்ளது. ஞாயிறு காலை 10 முதல் 12 வரை இருவர் இருக்கும்போது மட்டும் திறக்கிறோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உண்டு. இடுப்பளவுத் தண்ணீரில் படகு தள்ளி வந்த மீனவர்கள், இருட்டில் நின்று இணைப்பு கொடுத்த மின்வாரிய ஊழியர்கள், அழுகிய சேற்றை வெறுங்கையால் வாரிய தூய்மைப் பணியாளர்கள். பொன்னாடை போர்த்தலாம் என்ற யோசனையைக் கைவிட்டு, தூய்மைப் பணியாளர் அக்காக்களிடமே கேட்டோம். குடிதண்ணீரும், வேலை நேரத்தில் போக ஒரு கழிவறையும் வேண்டுமென்றார்கள். சங்க அறைக் கழிவறையின் சாவி இப்போது அவர்களிடம் ஒன்று இருக்கிறது. வாசலில் தினமும் மண்பானையில் தண்ணீர். அதை நிரப்பும் முறைப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் உள்ளது, மே மாதத்துக்கு இன்னும் மூன்று வீடுகள் பெயர் தர வேண்டும்.

அடுத்த பரண் இறக்கம், வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில். தேவைப் பட்டியல் எடுப்பவர்கள் ஆகஸ்டிலேயே வருவார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்