தொடை இழுக்கும்போது

அன்பு மகனுக்கு,

வேகமாக ஓடும்போது தொடையின் பின்பக்கம் சுரீர் என்று இழுக்கிறது என்று சொன்னாயே, அதை லேசாக எடுத்துக்கொள்ளாதே கண்ணா. அந்த இடத்தில் ஒருமுறை தசை கிழிந்துவிட்டால் மறுபடியும் அங்கேயே கிழிய வாய்ப்பு அதிகம்.

கால் முன்னால் வீசி, தரையைத் தொடப்போகும் கணத்தில் அந்தத் தசை நீண்டுகொண்டே போகிறது. அதே கணத்தில் காலின் வேகத்தையும் அதுதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் கிழிவது அப்போதுதான். அதனால் நீளும்போதே தாங்குவதற்குத் தசையைப் பழக்க வேண்டும். மெத்தென்ற விரிப்பில் மண்டியிட்டு நில். கணுக்கால்களை யாராவது அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்து, முடிந்த அளவு மெதுவாக முன்னால் சாய். தாங்க முடியாமல் போகும்போது இரு கைகளையும் ஊன்றிக்கொள்; கையாலேயே தள்ளி மேலே வா. இடுப்பு மடங்கினால் தசைக்குப் போகும் பாரம் குறையும், பயனும் குறையும். முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 முறையாக 2 சுற்று. சில வாரங்களில் வாரம் 2 நாள், 6 முதல் 8 முறையாக 3 சுற்றுக்கு வா. ஆனால் இப்போதுள்ள இழுப்பு முழுதாகப் போன பிறகுதான் தொடங்க வேண்டும்.

ஓடுமுன் உட்கார்ந்து கால்விரலை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து இழுப்பதை விட்டுவிடு. உடனே ஓடினால் தசையின் விசை சற்றுக் குறையும். 5 நிமிடம் மெல்லோட்டம், காலுக்கு 10 வீச்சு, ஒரு காலை எட்டி வைத்து முழங்காலை மடக்கித் தாழ்ந்து நடக்கும் அடிகள் 10, பிறகு 50 மீட்டர் தூரத்தை 3, 4 முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகம் கூட்டி ஓடு. தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் ஏற்றாதே.

மறுநாள் இரு தொடையிலும் பரவலாக வலித்தால் பயப்படாதே, 2, 3 நாளில் போய்விடும். ஓடும்போதே சட்டென்று பிடித்து, வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்ட முடிந்தால் அங்கேயே நிறுத்திவிடு. முதல் 2, 3 நாள் அழுத்தித் தேய்ப்பதும் சூடு வைப்பதும் கூடாது. வலிக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். கன்றிப்போனாலோ, கால் ஊன்ற முடியாவிட்டாலோ மருத்துவரைப் பார்.

சாப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். மாவுச்சத்தை அடியோடு விட்டுவிட்டதாகச் சொன்னாய். ஓடுகிறவனுக்கு அது சரிவராது. வேகமாக ஓடத் தசைக்குக் கிளைக்கோஜன், அதாவது தசை தனக்குள் சேமித்து வைக்கும் சர்க்கரை வேண்டும், அதன் கையிருப்பு மாவுச்சத்திலிருந்துதான் நிரம்புகிறது. அது தீர்ந்தால் தசை சோர்ந்துவிடும், சோர்ந்த தசையால் அவ்வளவு பாரம் தாங்க முடியாது. சாப்பாடு மட்டுமே காயத்தைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலி வயிற்றோடு முழு வேகத்தில் ஓடாதே.

மாவுச்சத்துக்கு நார்ச்சத்தும் உள்ள ஓட்ஸ், தீட்டாத அரிசி, பயறு வகைகள், தோலோடு தின்னக்கூடிய பழம் இவற்றை அன்றாடம் சேர்த்துக்கொள். பழுப்பாக இருக்கும் ரொட்டி எல்லாம் முழுத்தானியம் ஆகிவிடாது, நிறம் சேர்த்தும் விற்பார்கள். உறையில் முதல் பொருளாக முழுத்தானியம் இருக்கிறதா என்று பார். உறையில் கார்போஹைட்ரேட் என்று போட்டிருக்கும் மொத்த மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுத்துப் பார். 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் வாங்கலாம். பழச்சாறு வேண்டாம், பழமாகவே தின்னு.

ஒரு நேரத்துக்கு மட்டும் இது மாறும். ஓட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நார்ச்சத்து வயிற்றைப் பிசையும். அப்போது ஒரு வாழைப்பழமோ வெள்ளை ரொட்டியோதான் நல்லது. முழுச் சாப்பாடு என்றால் 2, 3 மணி நேரம் முன்பே முடித்துவிடு. நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டாதே, வயிறு உப்பிக்கொள்ளும். தண்ணீரும் கூடவே கூட வேண்டும்.

அந்த இழுப்பு, உட்காரும்போது கீழே அழுந்தும் பிட்ட எலும்புக்குப் பக்கத்திலா, தொடை நடுவிலா என்று அழுத்திப் பார்த்து எழுது.

அன்புடன்,
அம்மா