ஐராவதிக் கழிமுகம் ஆளற்ற காடாகவா இருந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் சென்ற இதழில் ஐராவதிக் கழிமுகத்தைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பர்மா என்றாலே தேக்கையும் செட்டிநாட்டு வீட்டுத் தூண்களையும் மட்டும் பேசிப் பழகிய நமக்கு, அந்த நாட்டின் நெல் வயல்களைப் பற்றி ஒருவர் விரிவாக எழுதியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் 1852இல் ஆங்கிலேயர் கைப்பற்றும்வரை அப்பகுதி ஆளற்ற சதுப்புக்காடாகவே கிடந்தது என்றும், ஆங்கிலேயரின் சட்டமும் நம்மவரான நகரத்தார் செட்டியார்களின் பணமும் சேர்ந்தே அதை நெற்களஞ்சியமாக்கின என்றும் கட்டுரையாளர் கூறுவதை ஏற்க இயலவில்லை.

இந்தக் கழிமுகம் அடங்கிய தென்பகுதியான கீழ்ப் பர்மா, மோன் மக்களின் நாடு. பர்மாவின் பழைய பேரரசான பகான் சரிந்த பின்னர், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் நிறுவிய அரசு முதலில் மர்த்தபானையும் பிறகு பெகுவையும் தலைநகராகக் கொண்டு 1539 வரை நிலைத்தது. அரசி ஷின்சாபு தம் எடைக்கு எடை பொன் கொடுத்து ஷ்வேடகோன் பகோடாவுக்குப் பொன் வேய்ந்ததாக மரபு கூறுகிறது. அவருக்குப் பின் வந்த தம்மசேதி, பிக்குகளை இலங்கைக்கு அனுப்பிக் களனி ஆற்றில் உபசம்பதை (பிக்குவாக முழுத் துறவேற்பு) பெற்றுவரச் செய்து, அந்தச் செய்தியைப் பாலியிலும் மோன் மொழியிலும் பெகுவில் கல்லில் வெட்டுவித்தார். பதினாறாம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்தும் சாந்தோமிலிருந்தும் துணி ஏற்றிய கப்பல்கள் அந்த நாட்டுக்குத்தான் போய்வந்தன. ஆளில்லாத காட்டுக்கு யாரும் கப்பல் நிறையத் துணி கொண்டுபோக மாட்டார்கள். (இராசேந்திர சோழன் பெகுவை வென்றான் என்ற பழைய கருத்தையும் கட்டுரையாளர் போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். அவன் வென்ற கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா என்பதை ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டு நெடுங்காலமாயிற்று.)

அப்படியானால் 1852இல் ஆங்கில அதிகாரிகள் கண்ட தரிசு எங்கிருந்து வந்தது? 1740இல் மோன் மக்கள் பெகுவில் மீண்டும் தம் அரசை நிறுவி, 1752இல் வடக்கே பர்மியத் தலைநகரான ஆவாவையே பிடித்தார்கள். மேல் பர்மாவில் எழுந்த அலாங்பயா அவர்களைத் திருப்பி அடித்து, 1755இல் டகோன் என்ற ஊரைக் கைப்பற்றி யாங்கோன் (ஆங்கிலேயர் வழக்கில் ரங்கூன்) எனப் பெயரிட்டு, 1757இல் பெகுவை வீழ்த்தினார். அதன்பின் தோற்ற கிளர்ச்சி ஒவ்வொன்றின் முடிவிலும் மோன் குடும்பங்கள் எல்லை தாண்டிச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ஓடின. போதாக்குறைக்கு, அலாங்பயாவின் வழிவந்த கொன்பாங் மன்னர்கள் அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை விதித்திருந்ததால், எஞ்சியிருந்த குடியானவனுக்கும் தன் தேவைக்கு மேல் பயிரிட ஒரு காரணமும் இல்லை. நூறாண்டுப் போரும் குடிபெயர்வும் ஆட்களை வாரிக்கொண்டுபோன நிலத்தையே புதிய ஆட்சி தரிசு என்று கணக்கில் எழுதியது. அங்கே தொடர்ந்து வாழ்ந்துவந்த கரேன் இனத்தாரின் ஊர்களைக்கூடக் கட்டுரை குறிப்பிடவில்லை.

காட்டை அழித்தவர்கள் யார் என்பது அடுத்த கேள்வி. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தபோது, மேல் பர்மாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து குடியானவர்கள் குடும்பம் குடும்பமாகத் தெற்கே இறங்கினார்கள். கோடையில் மரங்களை வெட்டி எரித்து, வேர்க்கட்டைகளுக்கு நடுவே நாற்றை ஊன்றி, உப்புநீர் ஏறாமல் கரை கட்டி, காய்ச்சலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்து அவர்கள் திருத்திய வயல்கள், முழு விளைச்சல் தரச் சில ஆண்டுகள் பிடித்தன. பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் உழுது வரி கட்டினால் நிலம் உரிமையாகும் என்று 1876ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கடன் வாங்காமல் கடந்தவர் குறைவு. 1855இல் ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கராக இருந்த கீழ்ப் பர்மாவின் நெல் பரப்பு 1930இல் 99 லட்சம் ஏக்கரை எட்டியது. இந்தப் பெருக்கத்தில் தெலுங்கு, தமிழ்க் கூலிகளின் உழைப்பும் உண்டு. மேஸ்திரிகளிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய அவர்கள், அறுவடைக்கும் ரங்கூன் அரிசி ஆலைகளுக்கும் துறைமுகத்துக்குமாக ஆண்டுதோறும் போய்வந்தார்கள்.

இனி நம்மவர் பங்கு. நானும் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இதைக் கூச்சமின்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். 1930 வாக்கில் பர்மாவில் 1,650 அளவில் செட்டியார் கடைகள் இருந்தன. கீழ்ப் பர்மாவில் மக்கள் நெருங்கி வாழ்ந்த எந்த ஊரிலிருந்தும் ஒரு நாள் பயணத்தில் ஒரு கடையை அடைந்துவிடலாம் என்ற நிலை. ரங்கூன் மொகல் தெருவில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். ஊரிலிருந்து போன முகவரும் அவருக்கு உதவியான அடுத்தாளும் எடுபிடியான பெட்டியடிப் பையனும் ஒரே கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமுமான கட்டடத்தில்) உண்டு உறங்கி, மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்பினார்கள். பர்மிய லேவாதேவிக்காரர்களைவிட அவர்களது வட்டி பொதுவாகக் குறைவு என்பது உண்மை. அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுக் கடன் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. நிலத்தில் முடங்கிய பணத்தைத் திருப்பி எடுக்க முடியாது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் இல்லை.

ஆனால் கட்டுரை இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, நேரே 1942ஆம் ஆண்டின் ஜப்பானியப் படையெடுப்புக்கும் நம்மவர்கள் அரக்கான், மணிப்பூர் வழியே நடந்து வந்த துயரத்துக்கும் தாவிவிடுகிறது. நடுவே விடுபட்ட ஆண்டுகளே முக்கியமானவை. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. கடனைத் திருப்ப முடியாத குடியானவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போயிற்று. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 5.7 லட்சம் ஏக்கராக, அதாவது நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938இல் 24.7 லட்சம் ஏக்கராகி ஏறத்தாழ 25 பங்கை எட்டியது. தாத்தா வெட்டித் திருத்திய வயலில் பேரன் குத்தகைக்காரனாக நின்றான். வரிச் சுமை தாளாத குடியானவர்கள் தாராவடி மாவட்டத்தில் 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் கிளர்ந்தெழுந்ததும், அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டதும், 1948இல் விடுதலை பெற்ற பர்மா அதே ஆண்டில் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியதும் இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டியவை. அதை விட்டுவிட்டு, நன்றி கெட்டவர்கள் நம் சொத்தைப் பறித்தார்கள் என்று எழுதுவது நம் வீட்டுத் திண்ணைப் பேச்சுக்குப் பொருந்தலாம், வரலாற்றுக் கட்டுரைக்குப் பொருந்தாது.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் பெகுவின் மோன் அரசுக்கும், 1930க்கும் 1938க்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளுக்கும் உரிய இடம் தருமாறு கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
தேவகோட்டை