குழாய்த் தண்ணீரின் கடினத்தன்மையைச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாகர்கோவிலுக்கு நெடுங்காலமாகக் குடிநீர் தருவது மலையடிவாரத்தில் இருக்கும் முக்கடல் அணை. மழையும் மலை ஓடையும் சேர்ந்த தண்ணீர் என்பதால் உப்பு குறைவு, சோப்பு போட்டதும் நுரைக்கும். கோடையில் குழாய் வரும் இடைவெளி கூடும்போது ஆழ்துளைக் கிணற்றை நம்ப வேண்டியிருக்கிறது. அப்புறம் வித்தியாசம் அடுப்படியிலேயே தெரிந்துவிடும். சிறுபயறு வேக நேரம் பிடிக்கும். சீரகத் தண்ணீர் கொதிக்கும் சருவத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து, நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது. புளி கரைத்து ஊற்றி ஊறவைத்தால்தான் இளகும்.

கால்சியம், மக்னீசியம் உப்புகளால் வரும் படிவு இது; தண்ணீரில் இவை எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் கடினத்தன்மை. கொதிக்க வைத்தால் ஒரு பகுதிதான் இறங்கும், மீதி தண்ணீரிலேயே நிற்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதி. எங்கள் தெருத் தண்ணீர் இதில் எங்கே நிற்கிறது? தெரியாததால்தான் வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. கருவி வாங்குகிறார்கள். அணைத் தண்ணீருக்கு அது தேவையே இல்லாமல் இருக்கலாம். கோடையிலும் அதன் கழிவுநீர் சாக்கடைக்கு ஓடுவதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

மாதம் ஒருமுறை வார்டு வார்டாகக் குழாயிலேயே தண்ணீர் பிடித்து, கடினத்தன்மை, குளோரின், கோலிஃபார்ம் (அசுத்தம் கலந்ததைக் காட்டும் கிருமி) மூன்றையும் பரிசோதித்து, முடிவை ரேஷன் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இல்லத்தரசி,
வடசேரி, நாகர்கோவில்.