நாலாவது கார்பன்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இன்றோடு 19 நாள். வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுகிறது, அதனால் நன்றாகத்தான் இருக்கிறாய் என்று உன் அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கடலைமிட்டாய் ரெண்டு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன். ஒரு கிலோ உன் ஜூனியர் பிள்ளைகளுக்கு. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள். எட்டு மணிக்கு மேல் ஆபீஸில் தனியாக இருக்காதே. தம்புச் செட்டித் தெரு பகலில் ஒரு தெரு, ராத்திரி வேறு தெரு. ஆட்டோவில் ஏறினால் நம்பரை யாருக்காவது அனுப்பிவிட்டு ஏறு.

போன வாரம் வீட்டு போனில் யாரோ, "வக்கீலம்மா வீடுதானே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் வைத்துவிட்டார்கள். ராங் நம்பராக இருக்கும். ராங் நம்பர்காரனுக்கு இது வக்கீலம்மா வீடு என்று எப்படித் தெரியும் என்று அத்தை கேட்கிறாள். அவளுக்கு வேறு வேலை இல்லை.

எல்லாம் உன் தாத்தா செய்தது. ஏழு வயசுப் பிள்ளையை ஒட்டப்பிடாரம் கூட்டிப்போய் வ.உ.சி. வீட்டைக் காட்டி, செக்கிழுத்த கதையைச் சொல்லிவிட்டார். மீதிக் கதையைச் சொல்லவில்லை. 1908இல் அவருக்கு, பேசியதற்கு ஒரு 20 வருஷம், சுப்பிரமணிய சிவாவுக்கு இடம் கொடுத்ததற்கு இன்னொரு 20 வருஷம் என்று ஜட்ஜ் பின்ஹே தீர்ப்பு எழுதினான். அதைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குப் புத்தி பேதலித்துப்போனது. புத்தகம் எழுதுகிறவர்கள் தம்பியை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வரியைத் தாண்ட முடிவதில்லை. அப்பீலில் தண்டனை குறைந்து 1912 கடைசியில் வெளியே வந்தவருக்கு சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்கிற உரிமம், இல்லை. மெட்ராஸில் அரிசி விற்றார், மண்ணெண்ணெய் விற்றார். அப்புறம் வாலஸ் என்ற வெள்ளைக்கார ஜட்ஜ் உதவியில்தான் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்குப் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார். நம் கோவில்பட்டியிலேயே வந்து வக்கீல் தொழில் செய்தார். சன்னது என்பது அப்படிப்பட்ட சாமான். ஞாபகம் வைத்துக்கொள்.

நீ ஜெயித்ததில் எனக்குப் பெருமை இல்லை என்று நினைக்காதே. பேப்பரில் உன் படம் வந்தால் பால்காரர் வரைக்கும் காட்டுகிறேன். 2015 மார்ச்சில், இன்டர்நெட்டில் எழுதியதற்குக் கேஸ் போடுகிற 66ஏ பிரிவை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்த அன்று ஹாஸ்டலிலிருந்து போன் போட்டு, "கேஸ் போட்டது சட்டம் படிக்கிற பெண்ணும்மா!" என்று கத்தினாய். ஆறு வருஷம் கழித்தும் செத்துப்போன அதே பிரிவில் போலீஸ் கேஸ் போடுகிறது என்று நீயேதான் வந்து புலம்பினாய். 1950இல் ரொமேஷ் தாப்பர் தன் பத்திரிகைக்குப் போட்ட தடையை எதிர்த்து மெட்ராஸ் சர்க்காரை ஜெயித்தார், அடுத்த வருஷமே அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள் என்று சொன்னதும் நீதான். ஜெயித்து என்ன கண்டோம் என்று கேட்டால் மட்டும் கோபம் வருகிறது. ஆட்டோ நம்பரை அனுப்பு.

2016இல் எழுத்தாளர் பெருமாள்முருகன் கேஸில் தீர்ப்பு வந்தபோது பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தாய். அமைதிப் பேச்சுவார்த்தை என்று உட்காரவைத்து எழுதி வாங்கியது அவரைக் கட்டுப்படுத்தாது, அவர் மறுபடி எழுதட்டும் என்று நீதிபதிகள் சொன்ன இடத்தை எனக்கு உரக்க வாசித்தாய். நான் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன். அம்மாவுக்கு இதெல்லாம் புரியாது என்று விட்டுவிட்டாய்.

புரிந்தது பாப்பா. ஒருத்தரை உட்காரவைத்து எழுதி வாங்குகிற இடத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

போன தடவை, "புத்தகத்துக்காகக் கேட்கிறேன், நம்ம ஊர் பிரஸ்காரர் கேஸ் ஞாபகம் இருக்கா?" என்றாய். இல்லை என்றேன். ஊரில் வேறு கதையே இல்லையா என்று சத்தம் போட்டேன். அது பொய்.

அவர் மேல் போட்ட புகார் மனுவை டைப் அடித்தது நான்தான். 1993. அவர் அச்சடித்த நோட்டீஸ் சீனியர் வக்கீல் மேஜையில் இருந்தது. அடிக்கும்போது ஒரு வரி இடித்தது. நோட்டீஸில் அந்த வரி இல்லை. ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றிய அசிங்கமான வரி. "சார், இது இதில் இல்லையே" என்றேன். "நீ அடிம்மா" என்றார். அடித்தேன். ஒரிஜினல் ஒன்று, கார்பன் நாலு. 500ஆவது பிரிவு, அவதூறு. இப்போது புதுச் சட்டத்தில் அது 356 ஆகிவிட்டது என்கிறாய். எனக்கு அது 500தான்.

கேஸ் விசாரணைக்கே வரவில்லை. மூணு மாசத்தில் அந்த மனுஷனைக் கூப்பிட்டு சமாதானம் பேசினார்கள். மன்னிப்புக் கடிதமும் நான்தான் அடித்தேன். எழுதாத வரிக்கு மன்னிப்பு. கையெழுத்துப் போடும் முன்னால் என்னைப் பார்த்து, "இதை எங்கே எழுதினேன் என்று காட்டுங்கம்மா" என்றார். நோட்டீஸ் அப்போதும் என் பக்கத்தில்தான் கிடந்தது. நான் ரிப்பனை மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டிய ரிப்பன் இல்லை அது.

பிரஸ்ஸை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. அவர் மகள் உன் வயசுக்காரி.

நாலாவது கார்பன் மங்கலாகத்தான் விழும், கோர்ட்டில் கொடுக்க மாட்டோம். அதை எடுத்து வைத்திருந்தேன், நோட்டீஸையும் சேர்த்து. ஏன் என்று கேட்காதே. பீரோவில் உன் ஜாதகத்துக்கு அடியில் இத்தனை வருஷமாக இருந்தது. ரெண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். மூணாவது பக்கம், கீழேயிருந்து நாலாவது வரி. சாளரத்தோரம் பிடித்துப் பார், தெரியும்.

புத்தகத்தில் போடுவதென்றால் போடு. டைப்பிஸ்ட் என்று மட்டும் போடாதே, அந்தக் கோர்ட் வாசலில் அப்போது ஆறு பேர் அடித்துக்கொண்டிருந்தோம். பேரைப் போடு. இனிஷியலோடு போடு, என் பேரிலேயே அங்கே இன்னொருத்தி இருந்தாள்.

அம்மா