ராத் மியூசியத்தைப் போய்ப் பார், கண்ணு

புதுச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கண்ணு,

போன வாரம் போனில் நீ அழுததிலிருந்து எனக்குக் கையில் வேலை ஓடவில்லை. போரை எதிர்த்து நாலு வரி எழுதப்போய், கூடப் படிக்கிறவர்களே முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாய். "இங்க உட்கார்ந்துகிட்டு நான் என்னம்மா செய்ய முடியும்?" என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

சின்ன வயதில் உன்னை ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குக் கூட்டிப்போவேனே, வாசலில் நின்று "யாரும்மா இவர்?" என்று கேட்பாய். காந்தியைப் பற்றி எழுதிய பிரெஞ்சுக்காரர் என்று சொல்லி உள்ளே இழுத்துப்போய்விடுவேன். நீ இப்போது இருக்கிற ஜெனிவாவில் அவர் என்ன செய்தார் என்பதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்!

1914 ஜூலை 31 அன்று, போர் வேண்டாம் என்று கடைசிவரை மன்றாடிய சோசலிஸ்ட் தலைவர் ழான் ழோரேஸைப் பாரிஸில் சுட்டுக் கொன்றார்கள். மூன்றாம் நாள் ஜெர்மனி பிரான்ஸ் மீது போர் அறிவித்தது. ரோலண்ட் அப்போது உங்கள் ஏரிக்கரையில், வெவேயில் இருந்தார். வயது 48. பெல்ஜியத்தின் லூவேன் நகரத்தையும் அதன் நூலகத்தையும் எரித்த ஜெர்மானியரை முதலில் கண்டித்து எழுதினார். செப்டம்பரில், ஜெனிவாப் பத்திரிகையில், 'சண்டைக்கு மேலே' என்ற கட்டுரை வந்தது. இரு பக்கத்து அறிஞர்களையும் பாதிரிமார்களையும், தன் சொந்தக் கூட்டமான சோசலிஸ்டுகளையும் சேர்த்தே கேட்டார்: பிள்ளைகளைச் சாகக் கொடுப்பதற்கு நீங்களும் எப்படி ஆசி சொன்னீர்கள்?

பாரிஸில் அவரைத் துரோகி என்றார்கள். பழைய நண்பர்கள் விலகிப்போனார்கள். 'ரோமன் ரோலண்ட் பிரான்சுக்கு எதிராக' என்று தலைப்பிட்டே 1915இல் ஒருவர் நூல் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு அந்தக் கட்டுரையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. போர்க் கைதிகளையும் காணாமல் போனவர்களையும் தேடுவதற்காகச் செஞ்சிலுவைச் சங்கம் ஜெனிவாவில் ஒரு அலுவலகம் திறந்திருந்தது, ராத் மியூசியத்தில். 1914 அக்டோபரில் போய்ச் சம்பளமில்லாமல் உட்கார்ந்தார். கைதான சிப்பாய்க்குச் சட்டம் கொஞ்சமாவது துணை இருந்தது. எதிரி பிடித்த ஊரில் மாட்டிக்கொண்ட கிழவிக்கும் குழந்தைக்கும் எதுவுமில்லை. அவர்களைத் தேடும் பகுதியில்தான் வேலை. 'என் மகன் எங்கே, என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா' என்று மூட்டை மூட்டையாகக் கடிதங்கள். பத்துத் தொகுதி நாவல் எழுதிய கை, மாதக்கணக்கில் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தது. 1916இல் நோபல் பரிசு கிடைத்தபோது அந்தப் பணத்தையும் செஞ்சிலுவைக்கும் மற்ற உதவிப் பணிகளுக்கும் கொடுத்துவிட்டார்.

அவர் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். 1935இல் மாஸ்கோ போய் ஸ்டாலினைப் பார்த்தவர், அங்கே நடந்த கொடுமைகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஹிட்லர் வந்தபோது போரே கூடாது என்ற பழைய நிலையில் அவரால் நிற்க முடியவில்லை. 1939இல் ஹிட்லரை எதிர்த்துப் போர் தொடங்கியபோது பிரெஞ்சுப் பிரதமருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார். அதை நான் குறையாக நினைக்கவில்லை. ஜெர்மானியர் பிடியிலிருந்து பாரிஸ் விடுபட்டதைப் பார்த்தார். அந்த இரண்டாம் உலகப் போர் முடியுமுன், 1944 டிசம்பர் 30 அன்று பிரான்சின் வெஸெலேயில் இறந்துபோனார்.

அந்த அலுவலகம் சேர்த்த எழுபது லட்சம் அட்டைகள் இப்போது உங்கள் ஊர்ச் செஞ்சிலுவை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு அட்டைக்குப் பின்னால் ஒரு வீடு. முதலில் அதைப் பார். பிறகு நேவ் சதுக்கத்துக்குப் போய் ராத் மியூசியப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எனக்குப் போன் செய். நடுராத்திரி ஆனாலும் எடுப்பேன்.

எழுதினதை அழித்துவிடாதே. ஆள் தேடுகிற அந்த வேலை ஜெனிவாவில் செஞ்சிலுவைச் சங்கத்தில் இன்றும் நடக்கிறது. ஆள் சேர்க்கிறார்களா என்று விசாரி.

அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
அம்மா